பூம்பாறை ஊர் வரலாறும் புவியியலும்: 40 பக்கக் கையேட்டுக்கு எங்கே தொடங்குவது?

பூண்டுக்காடு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் (பழனி மலையின் மேல்பகுதி) இருக்கும் எங்கள் ஊர் பூம்பாறையின் வரலாறும் புவியியலும் சேர்ந்த ஒரு கையேடு, ஊர்ப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி, 40 பக்கத்துக்குள் தயாராகிறது. கையில் இப்போது இருப்பவை: குழந்தை வேலப்பர் கோயில் தல வரலாறு, 2011 மக்கள்தொகைக் கணக்கின் ஊர்ப் பட்டியல், சில பெரியவர்களின் பேச்சுப் பதிவு, ஒரு பழைய கந்தாய (நிலவரி) ரசீது.

இணையத்தில் தேடினால் எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாகத்தான் கிடைக்கிறது. கோயிலுக்கு 3,000 வருடம் என்கிறார்கள், ஆதாரம் ஒருவரும் சொல்வதில்லை. ஊரின் உயரமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. கோயில் வாசலில் செல்போன் 1,825 மீட்டர் காட்டுகிறது, சுற்றுலாப் பக்கங்கள் 1,900க்கு மேல் என்கின்றன. பெரியவர்கள் சொல்லும் நில எண்கள் இப்போதைய பட்டாவோடு ஒத்துப்போகவில்லை. ரசீதில் "பசலி 1342, ஆங்கீரச வருஷம், மாசி" என்று இருக்கிறது. அது எந்த ஆங்கில ஆண்டு?

எந்த ஆபீஸ், எந்தப் பதிவேடு, எந்த வரைபடம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அ_பதிவேடு எழுதியது:

வணக்கம் சார். முதல் அத்தியாயம் பற்றி ஒன்று சொல்லிவிட்டு ஆவணங்களுக்கு வருகிறேன். மேல்மலை ஊர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "கொடைக்கானலிலிருந்து இத்தனை கிலோமீட்டர்" என்று ஆரம்பிக்கிறார்கள். வார்டு என்ற லெப்டினன்ட் 1821ல் பழனி மலையை அளக்க ஏறியபோது கொடைக்கானல் என்ற நகரமே இல்லை. அமெரிக்க மிஷனரிகள் அங்கே முதல் வீடுகளைக் கட்டியது 1845ல், லெவிஞ்ச் துரை ஏரியைக் கட்டியது 1863ல். மேல்மலையில் குடியும் விளைச்சலும் இதற்கெல்லாம் முந்தியவை. பூம்பாறையின் பழைய உறவு வடக்கே, கீழிறங்கி, பழனியோடும் கொங்கு நாட்டோடும். கையேட்டின் முதல் பக்கமே அந்தத் திசையைப் பார்த்து இருக்கட்டும்.

இனி பதிவேடுகள். திண்டுக்கல் மாவட்டம் உருவானது 1985 செப்டம்பரில், அதுவரை எல்லாம் மதுரை மாவட்டம். திண்டுக்கல்லில் போய் 1930களின் ஃபைல் கேட்டால் கிடைக்காது. மதுரையில் கேட்க வேண்டும், அங்கும் இல்லையென்றால் சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கும்பினி கைக்கு முறைப்படி வந்தது 1792ல், திப்புவோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி. அதற்கு முந்திய வருவாய்க் கணக்கு இங்கிலீஷில் இருக்காது. 1906ல் அச்சான மதுரை மாவட்ட கெஸட்டியரில் (அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூல்) மலை ஊர்களைப் பற்றித் தனியாகவே விவரம் உண்டு. முதலில் அதைப் படித்துவிட்டு மற்றதைத் தேடினால் பாதி வேலை மிச்சம்.

ஊரின் உண்மையான வரலாறு இருப்பது வி.ஏ.ஓ.விடம் இருக்கும் அ-பதிவேட்டில், அதாவது ஊரின் நில விவரப் பதிவேட்டில். இதை யாரும் வரலாற்று ஆவணமாகப் பார்ப்பதே இல்லை. ஒரு வரியைக் கவனமாகப் படித்துப் பாருங்கள்: சர்வே எண், உட்பிரிவு, பழைய எண், ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்) அரசு நிலமா, நன்செய்யா புன்செய்யா, பாசன ஆதாரம், மண் வகையும் தரமும், தீர்வை வீதம், விஸ்தீர்ணம், பட்டா எண், கடைசியில் குறிப்பு. பட்டாதாரர் பெயரை விட்டுவிடுங்கள், அது தனியார் விவகாரம், கையேட்டில் வரக்கூடாது. உங்களுக்கு வேண்டியது மற்ற கட்டங்கள்தான். இன்று பூண்டும் கேரட்டும் போடுகிற பள்ளத்து நிலம் பதிவேட்டில் நன்செய் என்று இருந்தால், அங்கே ஒரு காலத்தில் நெல் விளைந்ததா என்று பெரியவர்களிடம் கேட்கத் துப்பு கிடைத்தது. பாசன ஆதாரக் கட்டத்தில் ஓடையின் பெயரோ வாய்க்காலின் பெயரோ இருக்கும். இப்போது பேச்சில் வழங்காத பெயர்கூட அங்கே உயிரோடு இருக்கும்.

அதைவிட முக்கியம் புறம்போக்கு வரிகள். ஓடை, பாதை, மந்தை, சுடுகாடு, கோயில், களம் எல்லாம் எண்ணோடும் பரப்போடும் வரும். இவற்றை மட்டும் தனித் தாளில் பிரித்தெழுதி கிராம வரைபடத்தில் வண்ணம் தீட்டினால், ஊர்ப் பொதுச் சொத்தின் படம் வந்துவிடும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல புவியியல் பாடம் கிடையாது.

எண்கள் ஒத்துப்போகாததற்குக் காரணம் யு.டி.ஆர். 1979 ஜூனில் தொடங்கி 1987 ஏப்ரல் வரை தமிழ்நாடு முழுக்க நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் அது. அதில் உட்பிரிவுகள் புதிதாகப் போடப்பட்டன. பெரியவர்கள் சொல்வது அதற்கு முந்திய எண். தாலுகா ஆபீஸில் பழைய எண் – புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியல் கேளுங்கள். அதோடு யு.டி.ஆருக்கு முந்திய செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) பதிவேட்டின் நகலும் வேண்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அளவிலும் ஏமாறலாம். பழைய புலப்படங்களில் (ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள அளவுப் படம்) நீளம் லிங்க் கணக்கில் இருக்கும். 100 லிங்க் ஒரு சங்கிலி, அது 66 அடி. ஒரு லிங்க் 20 சென்டிமீட்டரும் சொச்சமும். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். புதிய படங்கள் மீட்டரில். படத்தில் அலகு எழுதாமல் வெறும் எண் மட்டும் இருந்தால், ஒரு பக்கத்தை நேரில் டேப் வைத்து அளந்து பாருங்கள். 150 என்று எழுதிய பக்கம் 30 மீட்டர் வந்தால் அது லிங்க். பழைய கிராம வரைபடம் மைலுக்கு 16 அங்குல அளவில் இருக்கும், அதாவது 1:3,960. ஜெராக்ஸ் எடுக்கும்போது அளவு சுருங்கும். ஓரத்தில் இருக்கும் அளவுகோலையும் சேர்த்தே நகலெடுங்கள்.

ஆவணம் தரத் தயங்கினால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, பதில் தர 30 நாள். "பூம்பாறை வரலாறு தருக" என்று கேட்டால் "அப்படி ஆவணம் இல்லை" என்றுதான் பதில் வரும். பதிவேட்டின் பெயர், வருவாய் கிராமம், எந்த ஆண்டுகள் என்று எழுதி, பிரிவு 2(ஜே) படி நேரில் பார்வையிட அனுமதியும் சேர்த்துக் கேளுங்கள். பார்த்துவிட்டு வேண்டிய பக்கத்துக்கு மட்டும் நகல் வாங்கினால் செலவும் குறையும்.

ரசீது விஷயம் எளிது. பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு. அதோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி ஜூலை 1ல் தொடங்கி ஜூன் 30ல் முடியும். 1342 என்றால் 1932 ஜூலை முதல் 1933 ஜூன் வரை. ஆங்கீரச வருஷம் 1932 சித்திரை முதல் 1933 பங்குனி வரை. மாசி மாதம் என்பதால் 1933 பிப்ரவரி – மார்ச். இரண்டு கணக்கும் பொருந்துகிறது, ரசீது சரியானது. வருஷப் பெயர் மட்டும் இருந்திருந்தால் 1872ஆ 1932ஆ என்று உறுதி சொல்ல முடியாது, 60 வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும். ரசீதை லேமினேட் செய்துவிடாதீர்கள். சூட்டில் மை போய்விடும், பிறகு பிரிக்கவும் முடியாது. அமிலமில்லாத காகித உறையில் வைத்தால் போதும்.

சமவுயரக்கோடு எழுதியது:

உயரக் குழப்பத்துக்கு நான் பதில் சொல்கிறேன். உங்கள் செல்போன் கெட்டுப்போகவில்லை. ஜி.பி.எஸ். தருவது பூமியை ஒரு சீரான நீள்கோளமாக வைத்துக் கணக்கிட்ட உயரம். கடல்மட்டம் அந்தக் கோளத்தோடு எல்லா இடத்திலும் ஒட்டி இருப்பதில்லை. இலங்கைக்குத் தெற்கே உலகத்திலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இருப்பதால், நம் பகுதியில் கடல்மட்டம் அந்தக் கோளத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே இருக்கிறது. சில செயலிகள் இதைத் திருத்திக் காட்டும், பல செயலிகள் திருத்தாது. 1,825 + 90 என்றால் 1,915 வருகிறது, வரைபடத்தோடு பொருந்துகிறது. இருந்தாலும் கையேட்டில் "சுமார் 1,900 மீட்டர்" என்றே எழுதுங்கள். சரிவில் அடுக்கடுக்காக இருக்கும் ஊருக்கு ஒரே உயரம் கிடையாது, அடிவீட்டுக்கும் மேல்வீட்டுக்குமே நல்ல வித்தியாசம் இருக்கும்.

வரைபடம்: இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்களில் 58எஃப்/7, 58எஃப்/8 இரண்டும் வேண்டும். ஊர் தாளின் விளிம்பருகே விழுவதால் ஒன்று மட்டும் வாங்கினால் பள்ளத்தாக்கின் பாதி காணாமல் போகும். புதிய திறந்த வரிசைத் தாள்களுக்கு வேறு எண் முறை, அவற்றைத் துறையின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பழைய தாளை செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால் ஓடைகளும் பாதைகளும் 200 மீட்டர் அளவுக்குத் தள்ளி நிற்கும். பழையது எவரெஸ்ட் கோள அளவையில் வரைந்தது, புதியது ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 அளவையில். ஓடை இடம் மாறிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். ஜியோரெஃபரன்ஸ் செய்யும்போது (பழைய தாளைக் கணினியில் உண்மை இடத்தோடு பொருத்தும்போது) பழைய அளவையைச் சொல்லிவிட்டால் சரியாக உட்காரும். மலைச் சிகரம், பாதைகள் கூடும் இடம் போல மாறாத நான்கு புள்ளிகளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சமவுயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) 20 மீட்டர் இடைவெளியில் இருக்கும். தாளில் 1 செ.மீ. என்பது 500 மீட்டர். 4 மி.மீ. தூரத்துக்குள் ஐந்து இடைவெளி நெருங்கி நின்றால் 200 மீட்டர் நடைக்கு 100 மீட்டர் ஏற்றம். அங்கே அடுக்கு நிலம் வெட்டியிருந்தால் மண்சுவர் எவ்வளவு உயரம், தட்டு எவ்வளவு அகலம் என்று நேரில் அளந்து பிள்ளைகளையே ஒப்பிடச் சொல்லலாம். ஊரின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று கட்டாயம் போடுங்கள். செங்குத்தில் 1 செ.மீ.க்கு 100 மீட்டர் வைத்தால் உயரம் ஐந்து மடங்கு மிகைப்படும், அதைப் படத்துக்குக் கீழேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் மேல்மலை இமயமலை மாதிரி நிற்கும்.

நீர் எங்கே போகிறது என்பதை ஊகித்து எழுதாமல், ஓடைக் கோட்டின் மேல் விரல் வைத்து அணை வரை தொடருங்கள். பழனி மலையின் முதுகுதான் பிரிகோடு. வடக்கே இறங்கும் நீர் சண்முகநதி வழியாகவோ மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு வழியாகவோ அமராவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. தெற்கே இறங்குவது வைகைக்கு. பேரிஜம் ஏரித் தண்ணீர் பெரியகுளத்துக்குக் குடிநீராகப் போவது தெற்குப் பக்கத்துக்கு நல்ல உதாரணம். பாறை பெரும்பாலும் சார்னோக்கைட், சென்னைப் பல்லாவரத்தில் பார்க்கும் அதே வகை.

காலநிலை அட்டவணைக்குக் கொடைக்கானல் வானாய்வகத்தின் எண்களை அப்படியே பூம்பாறைக்குப் போடக்கூடாது. வானாய்வகம் 2,343 மீட்டரில் இருக்கிறது. உங்கள் ஊர் அதைவிட 440 மீட்டர் தாழ்வு. கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்ற பொது விகிதப்படி பகல் வெப்பம் 3 டிகிரி வரை கூடுதலாக இருக்கும். ஆனால் இரவுக் கணக்கு தலைகீழாகலாம். மார்கழி, தையில் வானம் தெளிந்து காற்று நின்ற இரவுகளில் குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டில் பனித்துளி இருக்க, பள்ளத்துப் பூமியில் உறைபனி பிடிக்கும். எந்தத் தட்டில் உருளைக்கிழங்குச் செடி முதலில் கருகுகிறது என்று விவசாயிகளைக் கேட்டாலே உறைபனி வரைபடம் போட்டுவிடலாம்.

மழையை நீங்களே அளப்பது நல்லது. பள்ளிக்கூடத்தில் ஒரு மழைமானி வைத்து தினமும் காலை 8.30க்குப் படியுங்கள், வானிலைத் துறை நேரமும் அதுதான். கூரை, மரம் எதுவாக இருந்தாலும் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். ஓடை நீருக்கு வாளிக் கணக்கு போதும். குழாய் வழியே விழச் செய்து, 10 லிட்டர் வாளி 8 நொடியில் நிரம்பினால் மணிக்கு 4,500 லிட்டர். பங்குனி கடைசியில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை அளந்து பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

பூண்டுக்காடு எழுதியது:

ரொம்ப நன்றி. ரசீது 1933 என்று தெரிந்ததே பெரிய விஷயம். பேச்சுப் பதிவில்தான் திணறல். "ரோடு வந்தபோது", "பெரிய மழை அடிச்ச வருஷம்" என்றுதான் சொல்கிறார்கள். இதற்கு எப்படி ஆண்டு போடுவது? அப்புறம் ஊருக்கு முதலில் வந்தவர்கள் யார் என்ற பகுதியை எப்படி எழுதுவது?

தாண்டிக்குடி_மிளகு எழுதியது:

ஆண்டைக் கேட்காதீர்கள், முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். நம் மலைக்கு இதற்கென்றே ஒரு கடிகாரம் உண்டு. நீலக்குறிஞ்சி மொத்தமாகப் பூத்தது 2018, 2006, 1994, 1982. இன்னும் பின்னால் போனால் 1970, 1958. "ரோடு வந்தது குறிஞ்சி பூத்ததுக்கு முன்னயா, அப்புறமா? அப்ப உங்க மூத்த பிள்ளைக்கு என்ன வயசு?" என்று இரண்டு முடிச்சுப் போட்டால் ஒன்றிரண்டு வருடத்துக்குள் வந்துவிடும். குறிஞ்சியில் பல இனம் உண்டு, அவை வேறு வேறு இடைவெளியில் பூக்கும், நீலக்குறிஞ்சியும் இடை வருடங்களில் அங்கொன்று இங்கொன்று பூக்கும். அதனால் "மலையே நீலமா இருந்துச்சா?" என்று கட்டாயம் கேளுங்கள். பெரிய மழைக்கு 1977 நவம்பர் புயல் ஒரு அடையாளம், திண்டுக்கல் பக்கம் குடகனாறு அணை உடைந்தது அப்போதுதான். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டன் கதையாக வந்தால் அது 1876ல் தொடங்கிய பஞ்சம்.

ஒருவரிடம் கேட்டதை இன்னொருவர் முன்னால் வைத்துக் கேட்காதீர்கள், இரண்டாமவர் ஆமாம் போட்டுவிடுவார். தனித்தனியாகக் கேட்டு இரண்டும் பொருந்தினால் மட்டும் ஆண்டு போடுங்கள். பொருந்தாவிட்டால் இருவர் சொன்னதையும் அப்படியே எழுதலாம்.

முதலில் வந்தவர்கள் பகுதி பற்றி மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். மேல்மலை ஊர்களின் வரலாறு என்றால் குன்னுவர் என்ற வேளாண் சமூகம் வந்த கதையோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். கொங்குச் சமவெளியிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் ஏறி வந்தோம் என்பது அவர்களுடைய வாய்மொழி மரபு, அது கட்டாயம் இடம்பெற வேண்டும். ஆனால் அவர்கள் ஏறி வந்தபோது மலை காலியாக இல்லை. பளியர்களும் புலையர்களும் இருந்தார்கள். புலையர்கள் நிலமுடையவர்களிடம் கட்டுண்டு உழைத்ததை பழைய மாவட்ட நூல்களே பதிவு செய்திருக்கின்றன. அதை மழுப்பாமல் எழுதுங்கள். அடுக்கு நிலத்தின் கல்லைச் சுமந்தது யார் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அந்தக் குடும்பங்களின் பெரியவர்களையும் உட்காரவைத்துப் பதிவு செய்யுங்கள். காட்டுப் பாதை, தேன் பாறை, ஊற்று இவற்றின் பெயர்கள் பளியர்களிடம்தான் முழுசாக இருக்கும். தேன் பாறை இருக்கும் இடத்தை மட்டும் அச்சில் போடாதீர்கள்.

அதற்கும் முந்தியது கல்திட்டைகள், பழங்காலத்தார் கல்பலகைகளால் கட்டிய ஈமச் சின்னங்கள். எங்கள் கீழ்மலையில் தாண்டிக்குடியிலும், பேத்துப்பாறையிலும் இருக்கின்றன. செண்பகனூர் பாதிரியார் ஆங்லேட் இந்த மலையின் கல்திட்டைகளை அளந்து எழுதியது 1928லேயே தொல்லியல் துறை வெளியீடாக வந்துவிட்டது. உங்கள் பக்கம் பாறை முகட்டில் அப்படி ஏதாவது இருந்தால் மூடுகல்லின் நீளம், அகலம், கனம், திறப்பு எந்தத் திசை என்று குறித்து, ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். தோண்டக் கூடாது, கல்லை நகர்த்தவும் கூடாது. பழைய மாட்டுப்பட்டியின் கல்சுவரைக் கல்திட்டை என்று எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. நின்ற பலகைக் கற்களின் மேல் ஒரே மூடுகல் இருந்தால்தான் அது கல்திட்டை.

அ_பதிவேடு எழுதியது:

கோயில் பற்றி விட்டுப்போனது. போகர் நவபாஷாணத்தில் செய்த திருமேனி என்பதையும், அருணகிரிநாதருக்காக முருகன் குழந்தை வடிவில் வந்தார் என்பதையும் "ஐதீகம்" என்று தலைப்பிட்டு முழுமையாகவே எழுதுங்கள், பக்தர்களுக்கு அது வேண்டும். 3,000 வருடம் என்ற எண்ணை மட்டும் எடுத்துவிடுங்கள். கட்டடத்தின் வயதைத் தனிப் பகுதியாக, கண்ணால் பார்ப்பதை வைத்து எழுதலாம். கல்லில் எழுத்து தெரிந்தால் சுண்ணாம்போ மாவோ தேய்க்காதீர்கள். இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் எழும்பும். கோயில் பழனி தேவஸ்தானத்தின் உபகோயில், ஆகவே கணக்கும் திருப்பணிக் கோப்புகளும் பழனியில் கேட்க வேண்டியவை. தேருக்கு முன்னும் பின்னும் வடம் கட்டும் வழக்கத்தையும் சரிவான தெருவின் குறுக்குவெட்டையும் ஒரே பக்கத்தில் போடுங்கள். இறக்கத்தில் பின்வடம் என்ன வேலை செய்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

சோலைப்புல் எழுதியது:

காட்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. பூம்பாறையைச் சுற்றி இன்று நிற்கும் பைன், யூகலிப்டஸ், வாட்டில் எதுவும் இந்த மலையின் மரம் கிடையாது. இங்கே இருந்தது புல்வெளியும், பள்ளங்களில் சோலை என்ற குட்டை மரக் காடும். பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டு 2018ல் ஆய்வு வந்திருக்கிறது. அதே லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இலவசம். 1973ஐயும் இப்போதையதையும் இறக்கி அருகருகே அச்சிடுங்கள். இரண்டையும் தை – மாசி மாதப் படமாகவே எடுங்கள். ஒன்று மழைக்காலத்திலும் ஒன்று கோடையிலும் எடுத்ததாக இருந்தால் காய்ந்த புல் வெற்று நிலம் மாதிரித் தெரிந்து தவறான முடிவுக்குப் போவீர்கள். பழைய படத்தில் ஒரு புள்ளி கிட்டத்தட்ட 60 மீட்டர், தனி மரம் தெரியாது, பெரிய பரப்புகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

காப்புக்காட்டு எல்லைக்கு 1882 வனச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அறிவிக்கைகளைத் தேடுங்கள். எல்லையோடு, ஊர்க்காரர்களுக்கு விட்டுவைத்த வழி, தண்ணீர் உரிமைகளும் சில அறிவிக்கைகளில் இருக்கும். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013ல் வந்தது, அந்த எல்லை வேறு, இரண்டையும் கலக்காதீர்கள்.

பூண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019ல். வைகாசியை ஒட்டி ஒரு நடவு, கார்த்திகையை ஒட்டி ஒரு நடவு. எந்த நடவு எந்தத் தட்டில், விதைப்பூண்டை எங்கே எத்தனை மாதம் புகையில் வைக்கிறார்கள் என்பதை வீட்டுப் பெண்களிடம் கேட்டு எழுதுங்கள். அது எந்தப் பதிவேட்டிலும் கிடையாது.